ஆஸ்டினில் நான்கு நிமிடம்: பாட்டில் மழையும் திரும்பப் பெற்ற கொடியும்

2024 அக்டோபர் 19, சனிக்கிழமை இரவு. டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் இருக்கும் டாரல் கே. ராயல் மைதானத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கூட்டம். கல்லூரிகளுக்கு இடையிலான அமெரிக்கக் கால்பந்தில், நாட்டின் தரவரிசையில் முதல் இடத்தில் இருந்த டெக்சஸ் பல்கலைக்கழக அணியும் ஐந்தாம் இடத்தில் இருந்த ஜார்ஜியா பல்கலைக்கழக அணியும் மோதிக்கொண்டிருக்கின்றன. மூன்றாவது கால் பகுதி முடிய இன்னும் சில நிமிடங்கள் பாக்கி. ஜார்ஜியா 23, டெக்சஸ் 8.

ஜார்ஜியாவின் குவார்ட்டர்பேக் கார்சன் பெக் ஒரு பந்தை வீசுகிறார். அதைப் பிடிக்க வேண்டியவர் ஏரியன் ஸ்மித். ஆனால் டெக்சஸின் தடுப்பாட்டக்காரர் ஜாடே பாரன் குறுக்கே புகுந்து பந்தைப் பறித்து, எதிரணியின் 9 யார்டு கோடு வரைக்கும் ஓடிவிட்டார். அங்கிருந்து கோல் பகுதி எட்டிப்பிடிக்கும் தூரம்தான். மைதானமே எழுந்து நின்று கத்துகிறது. அப்புறம்தான் புல்தரையில் கிடந்த மஞ்சள் கொடி எல்லோர் கண்ணிலும் பட்டது.

பாரன் மீது பெனால்டி, பந்து மறுபடி ஜார்ஜியாவுக்கே. அறிவிப்பு வந்ததும் கத்தல் கூச்சலானது. மாணவர்கள் உட்காரும் பக்கத்திலிருந்து தண்ணீர் பாட்டில்கள் பறந்து வந்தன. ஒன்று, பத்து, பிறகு எண்ண முடியாத அளவுக்கு. ஆட்டம் நின்றது. டெக்சஸின் பயிற்சியாளர் ஸ்டீவ் சார்கீசியன் களத்தைக் கடந்து அந்தப் பக்கம் போய், நிறுத்துங்கள் என்று கையை ஆட்டிக் கெஞ்சினார். சுமார் நான்கு நிமிடம் துப்புரவு வேலை நடந்தது. அந்த இடைவெளியில் நடுவர்கள் ஒன்றுகூடிப் பேசினார்கள். பேசி முடித்துவிட்டு, தவறு எதுவும் நடக்கவில்லை, பந்து டெக்சஸுக்கு என்று அறிவித்தார்கள்.

இந்த ஆய்வு அந்த நான்கு நிமிடத்தைப் பற்றியது. முடிவு சரியா தவறா என்பதில் பெரிய சண்டை இல்லை. அந்தச் சரியான முடிவுக்கு எந்த வழியாக வந்து சேர்ந்தார்கள் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. என் பார்வையில் அந்தச் சிக்கலுக்கு இன்றுவரை யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

கொஞ்சம் ஆட்ட விதி

அமெரிக்கக் கால்பந்து பழக்கமில்லாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சிகள் கிடைக்கும். எதிரணி பந்தை நடுவில் பறித்துவிட்டால், அதாவது இன்டர்செப்ஷன் ஆனால், ஆட்டத்தின் போக்கே திரும்பிவிடும். நடுவர் யாராவது விதிமீறலைப் பார்த்தால் இடுப்பில் செருகியிருக்கும் மஞ்சள் துணியை எடுத்துத் தரையில் போடுவார். அதுதான் கொடி.

பாரன் மீது விழுந்த கொடி 'பாஸ் இன்டர்ஃபியரன்ஸ்' என்ற குற்றத்துக்கு. பந்து காற்றில் இருக்கும்போது அதைப் பிடிக்கப் போகிறவரை இழுப்பது, தள்ளுவது, முன்கூட்டியே மோதுவது எல்லாம் இதில் அடங்கும். கல்லூரி விதிப்படி இதற்கு அதிகபட்சம் 15 யார்டு தண்டனை, கூடவே பந்து வைத்திருக்கும் அணிக்குப் புதிதாக நான்கு முயற்சிகள். பறித்த பந்து பறித்ததாகவே கணக்கில் வராது. ஒரு கொடி இருந்தால் ஜார்ஜியா நிம்மதியாகத் தொடர்ந்து ஆடலாம். கொடி இல்லையென்றால் டெக்சஸ் கோலின் வாசலில் நிற்கும். 15 புள்ளி பின்தங்கிய அணிக்கு அது உயிர்த்தண்ணீர்.

இந்தக் குற்றத்துக்கு இன்னொரு விசேஷமும் உண்டு. கல்லூரி ஆட்டத்தில் இதை வீடியோ பார்த்து மாற்ற முடியாது. எல்லைக்கோட்டுக்கு வெளியே கால் பட்டதா, பந்து கையில் நின்றதா, முழங்கால் தரையைத் தொட்டதா போன்றவற்றை ரீப்ளே அறை பார்க்கலாம். யார் யாரை இழுத்தார்கள் என்பது களத்தில் நிற்பவரின் தீர்ப்புக்கு விடப்பட்ட விஷயம். கிரிக்கெட்டில் எல்.பி.டபிள்யூ. முடிவைக்கூட மேல்முறையீடு செய்ய முடிகிற காலத்தில் வாழும் நமக்கு இது வேடிக்கையாகத் தெரியலாம். ஆனால் அதற்குக் காரணம் இருக்கிறது. தொழில்முறை லீகான என்.எஃப்.எல். இதை ஒரு முறை முயன்று பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டது. 2019 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸ் அணிக்கு எதிரான ஒரு அப்பட்டமான மோதலுக்குக் கொடி விழாமல் போய், அந்த அணி லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் வாய்ப்பையே இழந்தது. அந்தக் கொந்தளிப்பில் 2019 பருவத்தில் மட்டும் பாஸ் இன்டர்ஃபியரன்ஸை ரீப்ளேவுக்குக் கொண்டுவந்தார்கள். மெதுவாக ஓட்டிப் பார்த்தால் எல்லா ஆட்டத்திலும் யாராவது யாரையாவது தொட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். எதை மாற்றுவது, எதை விடுவது என்று யாருக்கும் புரியவில்லை. அடுத்த வருடமே கைவிட்டார்கள்.

ஆக, ஆஸ்டினில் அந்தக் கொடியைத் திரும்பப் பெற ஒரே வழிதான் இருந்தது. களத்தில் நிற்கும் நடுவர்களே தங்களுக்குள் பேசி, போட்டவரே எடுத்துக்கொள்வது. அதைத்தான் செய்தார்கள்.

கொடி தகுதியானதுதானா?

தொலைக்காட்சியில் மறுபடி மறுபடி காட்டியதைப் பார்த்தால், கொடி போட்டவர் தவறிவிட்டார் என்றுதான் படுகிறது. பாரனும் ஸ்மித்தும் உரசிக்கொண்டார்கள் என்பது உண்மை. ஆனால் பாரன் பந்தைப் பார்த்துத் திரும்பி, பந்து வரும் இடத்துக்குப் போனார். மோதலை அதிகம் உண்டாக்கியவர் ஸ்மித் என்று சொன்னாலும் தப்பில்லை. பந்தை நோக்கிப் போகும் தடுப்பாளருக்கும் பிடிக்கப் போகிறவருக்கு இருக்கும் அதே உரிமை உண்டு.

எனவே பாட்டில் வீசிய கூட்டத்தின் கோபத்தில் நியாயம் இருந்தது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட வேண்டும். அந்த நியாயம்தான் விவகாரத்தைச் சிக்கலாக்குகிறது. கூட்டத்தின் கோபம் வெறும் கண்மூடித்தனம் என்றால் கண்டித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

கொடியைத் திரும்பப் பெற்றபின் டெக்சஸின் குவார்ட்டர்பேக் க்வின் யூவர்ஸ் ஜேடன் புளூவுக்குப் பாஸ் கொடுத்து டச் டவுன் ஆக்கினார். பந்தைக் கோல் பகுதிக்குள் கொண்டுபோவதுதான் டச் டவுன்; அதற்கு ஆறு புள்ளி, கூடுதல் உதைக்கு ஒன்று. 23-15. ஒரே ஒரு டச் டவுன், கூடவே இரண்டு புள்ளி முயற்சி, அவ்வளவு எடுத்தால் சமநிலை. பாதி நேரம் வரை 23-0 என்று செத்துக் கிடந்த ஆட்டம் திடீரென்று எழுந்து உட்கார்ந்துவிட்டது.

ஆனால் ஜார்ஜியா பதறவில்லை. பந்தை வாங்கி, பொறுமையாகக் களம் முழுக்க நகர்த்திக்கொண்டு போய், ட்ரெவர் எட்டியென் அன்றைய தன் மூன்றாவது டச் டவுனைப் போட்டார். 30-15. ஆட்டம் அப்படியே முடிந்தது.

ஜார்ஜியா ஜெயித்ததால் விவகாரம் சீக்கிரம் அடங்கியது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சங்கடம் வரும். அந்த இரவு டெக்சஸ் 31-30 என்று வென்றிருந்தால் என்ன நடந்திருக்கும்? வழக்கு, விசாரணை, மாநில அரசியல்வாதிகளின் அறிக்கை எல்லாம் வந்திருக்கும். நடைமுறையில் இருந்த ஓட்டை அதேதான். ஸ்கோர்போர்டுதான் அதை மறைத்தது.

ஸ்மார்ட் சொன்னதும் கான்ஃபரன்ஸ் சொன்னதும்

ஆட்டம் முடிந்த கையோடு ஜார்ஜியாவின் பயிற்சியாளர் கர்பி ஸ்மார்ட் களத்திலேயே பேட்டி கொடுத்தார். இந்த இடத்தில் நடுவர் முடிவுகளால் எங்களைக் கொள்ளையடிக்கப் பார்த்தார்கள் என்று கொதித்தார். அது வெற்றிச் சூட்டில் வந்த பேச்சு, அதை விட்டுவிடலாம். பிறகு செய்தியாளர்களிடம் நிதானமாக அவர் சொன்னதுதான் முக்கியம். களத்தில் பொருள்களை வீசி வீரர்களை ஆபத்தில் தள்ளினால் நடுவர் முடிவு மாறுவதற்கு வாய்ப்பு உண்டு என்ற முன்னுதாரணத்தை இன்று உண்டாக்கிவிட்டோம், இது ஆபத்தானது, நடுவர்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை, நடந்தது இதுதான் என்றார்.

வென்ற அணியின் பயிற்சியாளர் இப்படிப் பேசுவது அபூர்வம். தோற்றவர் சொல்லியிருந்தால் புலம்பல் என்று ஒதுக்கியிருப்பார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கான்ஃபரன்ஸின் அறிக்கை வந்தது. கல்லூரி அணிகள் பிராந்திய வாரியாகக் கூட்டமைப்புகளாகச் சேர்ந்து ஆடுகின்றன. அவற்றில் பலம் வாய்ந்தது சவுத் ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ், சுருக்கமாக எஸ்.இ.சி. டெக்சஸ் அதில் சேர்ந்தே நான்கு மாதம்கூட ஆகவில்லை. 2024 ஜூலை 1 அன்றுதான் வந்தது. புது மருமகள் வந்த முதல் தீபாவளியிலேயே சண்டை மாதிரி.

அறிக்கையின் சாரம் இது. விதித்த பெனால்டியைச் சரியாக நிறைவேற்றுவதற்காக நடுவர்கள் கூடிப் பேசுவது அனுமதிக்கப்பட்டதுதான். ஆனால் இந்த முறை, கொடி போட்ட நடுவரே தலைமை நடுவரிடம் தான் தவறிவிட்டதாகவும் அது குற்றமே இல்லை என்றும் தெரிவித்தார். அதனால் பந்து டெக்சஸுக்கு வழங்கப்பட்டது. முதலில் செய்த மதிப்பீடு முறையாக நடக்கவில்லை என்றாலும், களத்தில் பொருள்களை வீசுவதை எந்த நேரத்திலும் ஏற்க முடியாது.

இதைக் கவனமாகப் படித்தால் ஒன்று தெரியும். என்ன நடந்தது என்று சொல்கிறது, ஏன் அப்போது நடந்தது என்று சொல்லவில்லை. கொடி போட்டவருக்குத் தான் தவறியது எப்போது உறைத்தது? கொடியைப் போட்ட அடுத்த நொடியிலா? அப்படியானால் தலைமை நடுவர் மைக்கில் அறிவிக்கும் முன்பே சொல்லியிருக்கலாமே. அறிவிப்பு வந்து, கூட்டம் பொங்கி, பாட்டில்கள் விழுந்த பிறகா? அப்படியானால் அவரை மறுயோசனை செய்யவைத்தது எது? சக நடுவர் யாராவது நான் வேறு கோணத்தில் பார்த்தேன் என்றாரா? பெரிய திரையில் ஓடிய காட்சி கண்ணில் பட்டதா? காதில் இருக்கும் கருவி வழியாக யாராவது எதையாவது சொன்னார்களா? கான்ஃபரன்ஸின் ரீப்ளே மையம் அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில் இருக்கிறது, களத்தோடு அதற்குத் தொடர்பும் உண்டு. அங்கிருந்து ரகசியமாகச் சொல்லியிருப்பார்கள் என்று ஜார்ஜியா ரசிகர்கள் சந்தேகப்பட்டார்கள். அறிக்கை கொடி போட்டவர் பக்கமே விரலைக் காட்டுகிறது. அதை நம்பாமல் இருக்க என்னிடம் காரணம் எதுவும் இல்லை. ஆனால் நேரம் பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது.

சாதாரணமாக ஒரு பெனால்டி அறிவித்ததும் 25 விநாடிக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். பந்தை வைத்து, அணிகள் வரிசையில் நின்று, அடுத்த ஆட்டம் தொடங்கிவிட்டால் முந்தைய முடிவைத் தொட முடியாது. ஒரு நடுவர் மனசாட்சி உறுத்தி, சக நடுவரிடம் போய், கூடிப் பேசி மாற்றுவதற்கு அரை நிமிடம்கூடக் கிடைப்பதில்லை. அன்று நான்கு நிமிடம் கிடைத்தது. அந்த நான்கு நிமிடத்தை வாங்கிக் கொடுத்தது பாட்டில்கள். நடுவர்கள் பயந்து மாற்றினார்கள் என்று நான் சொல்லவில்லை, அப்படி நினைக்கவும் இல்லை. அவர்கள் நேர்மையாகவே மாற்றியிருக்கலாம். ஆனாலும் பாட்டில் விழாமல் இருந்திருந்தால் முடிவு மாறியிருக்காது என்பதை மறுப்பது கஷ்டம். மாணவர் பகுதியில் நின்றிருந்த 19 வயதுப் பையனுக்கு இந்த நுணுக்கமெல்லாம் தேவையில்லை. வீசினோம், மாறியது. அவன் கணக்கு அவ்வளவுதான்.

நாக்ஸ்வில், மூன்று வருடம் முன்பு

ஆஸ்டின் விவகாரத்தைத் தனியாகப் பார்த்தால் முழுசாகப் புரியாது. 2021 அக்டோபர் 16 அன்று அதே எஸ்.இ.சி.யில், டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில் நகரில் நடந்ததோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நேலண்ட் மைதானம், இதுவும் லட்சம் பேர் கொள்ளும் இடம். டென்னசி அணிக்கும் ஓல் மிஸ் எனப்படும் மிசிசிப்பி பல்கலைக்கழக அணிக்கும் ஆட்டம். ஓல் மிஸ்ஸின் அப்போதைய பயிற்சியாளர் லேன் கிஃபின். இவர் பெயரைக் கேட்டாலே நாக்ஸ்வில்காரர்களுக்குப் பற்றிக்கொண்டு வரும். 2009இல் டென்னசியின் பயிற்சியாளராக ஒரே ஒரு பருவம் இருந்துவிட்டு, தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்ததும் கிளம்பிப் போனவர். அவர் போன இரவில் மாணவர்கள் தெருவில் இறங்கி ரகளை செய்தார்கள். அந்தக் கோபம் 12 வருடமாக ஊறிக்கொண்டிருந்தது.

ஓல் மிஸ் 31, டென்னசி 26, ஆட்டம் முடிய 54 விநாடி. டென்னசிக்கு நான்காவது முயற்சி, 24 யார்டு வேண்டும். ஜேக்கப் வாரன் பாஸைப் பிடித்து முன்னேறினார். தேவையான கோட்டை எட்டினாரா இல்லையா என்பது கால் யார்டு, அரை யார்டு விஷயம். எட்டவில்லை என்றார்கள் நடுவர்கள். ரீப்ளேவிலும் பார்த்தார்கள், முடிவு நின்றது.

பொருள்கள் பறந்தன. தண்ணீர் பாட்டில், பீட்சா டப்பா, கடுகுச் சாந்து பாட்டில். கிஃபின் மீது ஒரு கோல்ஃப் பந்து வந்து விழுந்தது. கால்பந்து பார்க்க வருகிறவர் பையில் கோல்ஃப் பந்து எதற்கு என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை, எதிர்பார்த்தே கொண்டுவந்தார்கள் போல. சியர்லீடர்களும் பேண்டு வாத்தியக்காரர்களும் தங்கள் இடத்தை விட்டு ஓடவேண்டியதாயிற்று. சுமார் 20 நிமிடம் ஆட்டம் நின்றது. பிறகு தொடர்ந்தது, ஓல் மிஸ் வென்றது.

எஸ்.இ.சி. டென்னசிக்கு 2,50,000 டாலர் அபராதம் போட்டது. வீசியவர்களை வீடியோ பார்த்து அடையாளம் கண்டு அந்தக் கல்வியாண்டின் மிச்ச நாள்களுக்குத் தடை செய்யச் சொன்னது. மைதானத்தில் பீர் விற்கும் உரிமையை நிறுத்திவைக்கும் அதிகாரத்தையும் கையில் வைத்துக்கொண்டது.

மூன்று வருடம் கழித்து டெக்சஸுக்கு என்ன தண்டனை? அதே 2,50,000 டாலர். பாதுகாப்பு கேமரா, தொலைக்காட்சிப் பதிவு எல்லாவற்றையும் பார்த்து வீசியவர்களைக் கண்டுபிடித்து, அந்தக் கல்வியாண்டு முழுக்க மைதானத்துக்குள் விடக்கூடாது. மது விற்பனை இப்போதைக்குத் தொடரலாம், சொன்னதைச் செய்யாவிட்டால் நிறுத்துவோம். கிட்டத்தட்ட அதே வாசகங்கள்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாக்ஸ்வில்லில் 20 நிமிடம் வீசினார்கள், முடிவு அசையவில்லை, ஆட்டம் தோற்றது, 2,50,000 அபராதம். ஆஸ்டினில் நான்கு நிமிடம் வீசினார்கள், முடிவு மாறியது, ஏழு புள்ளி கிடைத்தது, அபராதம் அதே 2,50,000. நாக்ஸ்வில்லில் நடந்தது ரீப்ளே பார்த்து உறுதி செய்த அளவு விஷயம். அங்கே நடுவர்களுக்கு மறுயோசனை செய்ய எதுவும் இருக்கவில்லை. ஆஸ்டினில் தீர்ப்பு சார்ந்த விஷயம். இந்த வித்தியாசம் விதிப்புத்தகம் படித்தவர்களுக்குப் புரியும். கேலரியில் நிற்பவருக்கு அபராதத் தொகை மட்டும்தான் தெரியும்.

தொகை என்று சொல்லும்போது ஒரு கணக்கு. டெக்சஸ் பல்கலைக்கழக விளையாட்டுத் துறையின் ஆண்டு வருமானம் 30 கோடி டாலருக்கும் மேல். 30 கோடி என்றே வைத்துக்கொண்டாலும், இந்த அபராதம் அந்தத் துறையின் ஏழு மணி நேர வரவைவிடச் சற்றுத்தான் அதிகம். சனிக்கிழமை இரவு ஆட்டம் முடிந்து, விடிவதற்குள் சம்பாதித்துவிடலாம். டென்னசி விஷயத்தில் அபராதத்தைப் பல்கலைக்கழகத்துக்குக் கான்ஃபரன்ஸ் தரவேண்டிய பங்குத் தொகையிலிருந்து கழித்துக்கொண்டார்கள், யாரும் பர்ஸைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. பீர் விற்பனையை நிறுத்துவோம் என்ற மிரட்டல்தான் உண்மையில் வலிக்கும் இடம். 2019 வரை எஸ்.இ.சி. மைதானங்களில் பொதுமக்களுக்கு மது விற்கவே அனுமதி கிடையாது. அனுமதித்த பிறகு வந்த வருமானத்தை இழக்க எந்தப் பல்கலைக்கழகமும் விரும்பாது. ஆனால் இரண்டு தடவையும் அந்த ஆயுதத்தைக் காட்டிவிட்டு உறைக்குள் போட்டுக்கொண்டார்கள்.

தவறு தெரிந்தும் மாறாத ஆட்டங்கள்

டெக்சஸ் ரசிகர் ஒருவர் இப்படிக் கேட்கலாம்: சரி, நாங்கள் வீசியது தப்புதான். வீசாமல் இருந்திருந்தால் அநியாயமான முடிவு நின்றிருக்கும், அது மட்டும் சரியா? இதற்குச் சும்மா ஒழுக்கப் பாடம் சொல்லித் தப்பிக்க முடியாது, ஏனென்றால் கல்லூரி கால்பந்தின் வரலாறு அவர் பக்கம் நிற்கிறது.

2006 செப்டம்பர் 16, ஓக்லஹோமா அணி ஓரிகன் மண்ணில் ஆடியது. கடைசி நேரத்தில் பந்தைத் தாங்களே மீட்டுக்கொள்வதற்காக ஓரிகன் உதைத்த குறும் உதையை, பந்து 10 யார்டு போவதற்குள் ஓரிகன்காரரே தொட்டுவிட்டார். அது விதிமீறல். அதோடு பந்தைக் கையில் எடுத்து வந்தவர் ஓக்லஹோமா வீரர். ரீப்ளே பார்த்தும் பந்து ஓரிகனுக்கே என்றார்கள். ஓரிகன் 34-33 என்று வென்றது. அடுத்த சில நாளில் ஓரிகன் சேர்ந்திருந்த கான்ஃபரன்ஸ் தவறை ஒப்புக்கொண்டு நடுவர்களை ஒரு ஆட்டத்துக்கு இடைநீக்கம் செய்தது. ஓக்லஹோமா பல்கலைக்கழகத் தலைவர் டேவிட் போரன் அந்த ஆட்டத்தையே பதிவேட்டிலிருந்து நீக்கக் கேட்டார். நடக்கவில்லை.

2015 அக்டோபர் 31, மயாமி அணி டியூக் அணிக்கு எதிராகக் கடைசி உதையில் எட்டு தடவை பந்தை ஒருவருக்கொருவர் பின்னால் தள்ளிவிட்டு டச் டவுன் போட்டது. இடையில் ஒரு மயாமி வீரரின் முழங்கால் தரையில் பட்டுவிட்டது. அங்கேயும் தரையில் விழுந்த ஒரு கொடியை நடுவர்கள் நீண்ட நேரம் கூடிப் பேசித் திரும்ப எடுத்தார்கள். மறுநாள் நடுவர் குழுவுக்கு இரண்டு ஆட்ட இடைநீக்கம். 30-27 என்ற முடிவு மட்டும் அப்படியே நின்றது.

எல்லாவற்றுக்கும் மேல் 1990. கொலராடோ அணிக்கு மிசௌரியில் நடுவர்கள் கணக்குத் தப்பி நான்குக்குப் பதிலாக ஐந்து முயற்சிகள் கொடுத்தார்கள். ஐந்தாவதில் டச் டவுன், 33-31 வெற்றி. அந்த வருடம் கொலராடோ தேசியப் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டது. வெற்றியை விட்டுக்கொடுக்கவில்லை. இத்தனைக்கும் அதற்கு ஐம்பது வருடம் முன்பே வேறொரு வழி காட்டப்பட்டிருந்தது. 1940 நவம்பரில் கார்னெல் பல்கலைக்கழகம் டார்ட்மத்தை இதே மாதிரி ஐந்தாவது முயற்சியில் 7-3 என்று வென்றது. படச்சுருளைப் போட்டுப் பார்த்ததும் தவறு தெரிந்தது, நடுவரும் ஒப்புக்கொண்டார். கார்னெல் தந்தி அடித்து வெற்றியைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. பதிவேட்டில் இன்றும் டார்ட்மத் 3, கார்னெல் 0. பட்டத்துக்கும் பணத்துக்கும் இன்றிருக்கும் எடையில் அப்படி ஒரு தந்தியை யாரும் எதிர்பார்க்க முடியாது.

தவறு என்று அதிகாரபூர்வமாக ஒப்புக்கொள்வதற்கு வழி இருக்கிறது, அதைச் சரி செய்வதற்கு வழி இல்லை. இந்த நிலைமையில்தான் ஆஸ்டினில் சரி செய்யப்பட்டது, அதுவும் பாட்டில்களுக்கு நடுவே.

நமக்குத் தெரிந்த ஒரு காட்சியும் இங்கே ஞாபகத்துக்கு வருகிறது. 1999 பிப்ரவரி, கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ், பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்ட். ஓடிவந்த சச்சின் டெண்டுல்கர் ஷோயப் அக்தர் மீது மோதிக்கொண்டு ரன் அவுட் ஆனார். கூட்டம் பொருள்களை வீசியது. சச்சினே மைதானத்தைச் சுற்றி நடந்து அமைதியாக இருக்கச் சொன்னார், சார்கீசியன் கெஞ்சியது போலவே. கடைசி நாளில் போலீஸ் பல்லாயிரம் பேரை வெளியேற்ற, காலி கேலரிகளுக்கு முன்னால் பாகிஸ்தான் 46 ரன்னில் வென்றது. விதிப்படி அவுட்தான், முடிவு மாறவில்லை. ஈடனில் கூட்டம் தோற்றது. ஆஸ்டினில் கூட்டத்துக்குப் பாதி வெற்றி கிடைத்தது.

வேறென்ன செய்திருக்கலாம்

பாட்டில் விழும்போதே டெக்சஸுக்கு 15 யார்டு தண்டனை கொடுத்திருக்கலாம் என்று பலர் சொன்னார்கள். முடிவைத் திருத்து, ஆனால் வீசியதற்கு விலையையும் களத்திலேயே வாங்கு என்பது அவர்கள் வாதம். பந்து 9 யார்டு கோட்டிலிருந்து 24க்குப் பின்னால் போயிருக்கும். இது எனக்கும் நியாயமாகப் படுகிறது. இன்னொரு கூட்டமைப்பான பிக் 12 இந்த வழியில் போய்விட்டது. டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்தில் ஆட்டம் தொடங்கும்போது ரசிகர்கள் களத்தில் டார்ட்டியா வீசுவது ஒரு வினோத வழக்கமாக இருந்தது. டார்ட்டியா என்றால் நம்ம சப்பாத்தியின் மெக்சிகோ பங்காளி. 2025 பருவத்தில் கூட்டமைப்பு எச்சரிக்கைக்குப் பிறகு 15 யார்டு என்று விதி போட்டது. அந்த அக்டோபரில் கான்சாஸுக்கு எதிரான ஆட்டத்தில் டெக்சஸ் டெக் சப்பாத்திக்காக இரண்டு தடவை 15 யார்டு கொடுத்தது. அபராதம் நிர்வாகத்தைச் சுடுகிறது, யார்டு ரசிகரையே சுடுகிறது. ஒருவர் வீசினால் பக்கத்தில் இருப்பவரே கையைப் பிடிப்பார்.

ஆனால் இது பாதிதான். இன்னொரு பாதி நடுவர்களுக்கான நேரம். பெனால்டியை அறிவிக்கும் முன், ஆட்டத்தின் போக்கைத் திருப்பும் கொடியென்றால், நடுவர்கள் கட்டாயம் கூடிப் பேச வேண்டும் என்று வைத்திருந்தால் ஆஸ்டினில் அந்தப் பேச்சு பாட்டிலுக்கு முன்பே நடந்திருக்கும். கொடி போட்டவர் தன் சந்தேகத்தை அப்போதே சொல்லியிருப்பார். அதே முடிவு, அதே 9 யார்டு கோடு, ஸ்மார்ட்டுக்குப் புகார் சொல்ல எதுவும் இருந்திருக்காது. ஒவ்வொரு கொடிக்கும் இப்படிச் செய்தால் ஏற்கெனவே மூன்றரை மணி நேரம் இழுக்கும் ஆட்டம் இன்னும் இழுக்கும் என்று எதிர்ப்பு வரும். பந்து கைமாறும் ஆட்டங்களுக்கு மட்டும் வைத்தால் போதும், ஒரு ஆட்டத்தில் அப்படி எத்தனை வரும்?

டெக்சஸ் பல்கலைக்கழக நிர்வாகம் ஞாயிற்றுக்கிழமையே மன்னிப்புக் கேட்டுவிட்டது. டிசம்பர் 7 அன்று இரண்டு அணிகளும் மறுபடி சந்தித்தன, இம்முறை கான்ஃபரன்ஸ் இறுதிப் போட்டியில், அட்லாண்டாவின் மூடிய அரங்கத்தில். கூடுதல் நேரம் வரை போய் ஜார்ஜியா 22-19 என்று வென்றது. டெக்சஸ் அந்தப் பருவம் முழுக்கத் தோற்றது மூன்றே ஆட்டம், அதில் இரண்டு ஜார்ஜியாவிடம். பந்தைப் பறித்த ஜாடே பாரன் அந்த வருடத்தின் சிறந்த பின்களத் தடுப்பாளருக்கான ஜிம் தோர்ப் விருதை வாங்கினார். ஆஸ்டினில் அன்று பறித்த அந்தப் பந்தும் அவர் கணக்கில் ஒரு இன்டர்செப்ஷனாகப் பதிவாகியிருக்கிறது.